மாவா, மருந்தா?

அண்ணியின் மௌனத்தைத் தரம் பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் ரேடியோதான். பசி மௌனம் என்றால் அவர் கை கைப்பைக்குள் பிஸ்கட் தேடும். கோப மௌனம் என்றால் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும். இன்னொரு வகை உண்டு. அது வந்தால் அண்ணி எதையும் தேடமாட்டார், எதையும் நகர்த்தமாட்டார். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வது வழக்கம்.

அந்த மௌனத்துக்காகத்தான் ரேடியோ காலையிலிருந்து காத்திருந்தான். வந்தபாடில்லை.

“அண்ணி, விசாரணை இன்னைக்கு மத்தியானம்.”

“தெரியும்.”

“நம்ம கையில என்ன இருக்கு?”

“நீ இருக்கே.”

“அப்ப தோத்துட்டோம்.”

ரேடியோ அண்ணியின் கணவருக்குத் தம்பி. வாயை மூடும் பொத்தான் இல்லாமல் பிறந்தவன் என்று அண்ணன் வைத்த பெயர் அது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்த அண்ணி, அதை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, வீட்டில் சும்மா கிடந்த நாற்காலியோடு சும்மா கிடந்த கொழுந்தனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். நாற்காலி பேசாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இருவரும் இப்போது ஒரு பேக்கரியின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பிலிருந்து வந்த ரொட்டித் தட்டுகள் சுவரோரம் ஆறிக்கொண்டிருந்தன. பேக்கரிக்காரர்தான் அண்ணியைத் தேடி வந்தவர். வழக்கு அவர் மனைவியுடையது.

மனைவியைத் தெருவில் எல்லோரும் லிஃப்ட் அம்மா என்பார்கள். அரசாங்க லிஃப்ட் ஆய்வாளர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவேண்டும் என்றாலும் ஆய்வாளர் ஒருவர் மேலே ஏறிப் பார்த்து, ஓடலாம் என்று சொல்லவேண்டும். போன வாரம் ஓர் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் அம்மா, ஓடக்கூடாது என்று சொன்னார். மறுநாள் காலையில், அறிக்கை எழுத ஆபீஸுக்கு வந்த அவரைச் சிறுநீர்ச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். கவனத்தைக் கூர்மையாக்கும் மருந்து ஒன்று அதில் இருந்தது. மருந்து போட்டவர் பேச்சு செல்லாது என்று அவர் அறிக்கையை ஒதுக்கிவைத்தார்கள். கூட வேலை பார்க்கும் ஆய்வாளர் ஒருவர் வந்து அதே லிஃப்டை நல்ல லிஃப்ட் என்றார். அது இப்போது ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் முடிவு தெரிந்துவிடும். ஒன்று, லிஃப்ட் நிற்கும். இல்லையென்றால் லிஃப்ட் அம்மாவின் உரிமம் போகும்.

“நேராவே கேக்கறேன்,” என்றார் அண்ணி. “அன்னைக்கு மருந்து சாப்பிட்டீங்களா?”

“தெரியாது,” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த லிஃப்ட் அம்மா. அவர் கைகள் ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தன.

“ராத்திரி எப்ப தூங்கினேன்னு எனக்கும்தான் தெரியாது,” என்றான் ரேடியோ. “ஆனா அதுக்கு யாரும் உரிமத்தைப் புடுங்கறதில்ல.”

லிஃப்ட் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் ரொட்டி இன்னொரு முறை வெந்திருக்கும். “நான் ஒளிச்சுச் சாப்பிடல. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அந்த மருந்து மூளைக்கு நல்லதுங்கறாங்க. உண்மையான்னு என் மேலயே சோதிச்சுப் பார்க்கறேன். பெட்டியில அறை அறையா கேப்ஸ்யூல் இருக்கும், நாளைக்கு ஒண்ணு. சிலதுல மருந்து, சிலதுல வெறும் மாவு. பார்த்தா வித்தியாசம் தெரியாது. காலையில ஆபீஸ்ல ஒண்ணை எடுத்து மேசையில வெப்பேன், டீ குடிச்சுட்டு வந்து முழுங்குவேன். சாயந்திரம் இந்தச் சீட்டைக் கலைச்சு, வரிசையா எத்தனை ஞாபகம் இருக்குன்னு பார்ப்பேன். கடைசியில மருந்து நாளும் மாவு நாளும் பிரிச்சுப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடும்.”

“உங்களுக்கே தெரியக்கூடாதா?”

“தெரிஞ்சு சாப்பிட்டா மனசு ஏமாத்தும். நல்லா இருக்குன்னு நினைச்சாலே நல்லாத்தான் இருக்கும்.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். மூடியைச் சுற்றி ஒட்டு நாடா. குலுக்கினால் கலகலவென்றது.

“அடைக்கிறவன் நான்தான். ஒவ்வொண்ணுக்கும் காசு சுண்டுவேன். பூ விழுந்தா மருந்து, தலை விழுந்தா மாவு. அடைச்ச கையோட நூல்ல ஒரு மணி கோப்பேன். மருந்துக்குக் கறுப்பு, மாவுக்கு வெள்ளை. எந்த நாள் எதுன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல. எல்லாம் இதுக்குள்ள இருக்கு.”

ரேடியோ எழுந்தேவிட்டான். “அட, அப்ப பிரிங்க. அந்த நாள் மணி வெள்ளைன்னா கேஸ் முடிஞ்சுது. மாவு சாப்பிட்டவங்க உடம்புல மருந்து எப்படி வரும்? யாரோ கலந்திருக்காங்க.”

“பிரிக்கமாட்டேன்.”

“ஏன்?”

“அந்த ஒரு மணியைப் பார்க்கணும்னா முதல் மணியிலேர்ந்து எண்ணணும். மொத்தமும் தெரிஞ்சிடும். இத்தனை மாசச் சோதனை பாழ்.”

“நாங்க மட்டும் பார்த்துக்கறோம்மா. உங்ககிட்ட மூச்சு விடமாட்டோம்.”

“உன் பேரு என்ன, தம்பி?”

ரேடியோ உட்கார்ந்துவிட்டான்.

லிஃப்ட் அம்மா சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். “இன்னொண்ணு சொல்றேன். மணி கறுப்பா இருந்தா நான் குத்தவாளி, வெள்ளையா இருந்தா உத்தமி. அப்படித்தானே? அந்த லிஃப்டைத் தூக்கற ரோப்ல கம்பி கம்பியா அறுந்திருக்கு. மணி வெள்ளையா இருந்தா அது தானா ஒட்டிக்குமா? என்னைப் பத்தி ஏன் கேக்கறீங்க, ரோப்பைப் பத்திக் கேளுங்கன்னு நானும் ஒரு வாரமா கத்தறேன். டப்பாவைத் திறந்தா, அவங்க கேட்ட கேள்வி சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி.”

கடைப்பக்கம் யாரோ மணி அடித்தார்கள். பேக்கரிக்காரர் போனார்.

“எதுக்கு இந்த வேலை உங்களுக்கு?” அண்ணி மெதுவாகக் கேட்டார்.

“எங்கம்மா கடைசியில என்னைப் பார்த்து நீ யாருன்னு கேட்டாங்க. எனக்கு இப்பவே பேரெல்லாம் நழுவ ஆரம்பிச்சிருக்கு. அது வர்றவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். எதிர்ல போய் நின்னு பார்த்துடறேன்.”

“அந்த மருந்துல பிரயோஜனம் இருக்கும்னு நான் நம்பல.”

“நானும்தான் நம்பல. அதுக்குத்தானே சோதனை.”

அன்று முதல்முறையாக அண்ணி சிரித்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார். ரேடியோ பின்னால் போனான்.

கல்லாவில் பேக்கரிக்காரர் ஒரு பெரிய நோட்டைக் கள்ள நோட்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கையடக்கமான ஊதா விளக்கு. அதன் வெளிச்சத்தில் நோட்டின் இழை மின்னியது. நோட்டைப் பிடித்திருந்த விரல் நுனிகளும் மின்னின, மின்மினி மாதிரி மஞ்சள் பச்சையாக.

“சார், உங்க விரலும் அரசாங்கம் அச்சடிச்சதா?” என்றான் ரேடியோ.

அண்ணி நின்றார். எதையும் தேடவில்லை. எதையும் நகர்த்தவில்லை. நோட்டுக்குரியவர் ரொட்டி வாங்கி, சில்லறை வாங்கி, கதவைத் திறந்து போன பிறகும் அப்படியே நின்றார்.

வந்துவிட்டது என்று ரேடியோவுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான். அவனுக்கும் சில சமயம் அது முடியும்.

“விரல்ல என்ன?” என்றார் அண்ணி.

“வைட்டமின் தூள்மா. காலையில கேப்ஸ்யூல் அடைச்சேன். பழைய பெட்டியை ஆபீஸ்ல பிடுங்கி வெச்சிருக்காங்க, திரும்பி வருதோ இல்லையோ, நீங்க அடுத்ததை அடைங்கன்னு அவ சொல்லிட்டா. ஆரம்பத்துல ஒரு தடவை கேப்ஸ்யூல் உடைஞ்சு மேசையில கொட்டிடுச்சு. மருந்து பழுப்பா இருக்கும், மாவு வெள்ளை. நிறத்தைப் பார்த்துட்டா. அன்னைக்கு எனக்கு விழுந்த திட்டு இருக்கே. அதுலேர்ந்து ரெண்டுலயும் இந்த மஞ்சள் வைட்டமின் ஒரு சிட்டிகை கலந்துடுவேன். உடைஞ்சாலும் எல்லாம் ஒரே மஞ்சள்.”

“ஆபீஸ்ல இருக்கற பெட்டியிலயும்?”

“எல்லாத்துலயும்.”

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“நானும் அவளும்தான். இதையெல்லாமா ஊருக்குச் சொல்வாங்க?”

“எனக்கு ஒரு கேப்ஸ்யூல் வேணும். வரிசையில இருக்கறது வேண்டாம், மிச்சம் மீதி இருந்தா குடுங்க. அப்புறம் இந்த விளக்கும்.” அண்ணி திரும்பினார். “தம்பி, இதை முழுங்க முடியுமா? இஷ்டம் இருந்தா மட்டும்.”

“நான் என்ன எலியா?”

“எலி இவ்வளவு யோசிக்காது.”

ரேடியோ அந்தக் கேப்ஸ்யூலை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். பயம் கொஞ்சம் இருந்தது. ஆசை அதைவிட அதிகமாக இருந்தது. “இது மாவா, மருந்தா?”

“மிச்சமெல்லாம் ஒரே ஜாடியில கலந்து கிடக்கு. எனக்கே தெரியாது,” என்றார் பேக்கரிக்காரர்.

முழுங்கிவிட்டான். அண்ணி ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டி, முழுக்கக் குடிக்கச் சொன்னார்.

வழியெல்லாம் ரேடியோ தன் மூளையைக் கவனித்துக்கொண்டே நடந்தான். கடந்துபோன கடைப் பலகைகளைத் தலைகீழ் வரிசையில் சொல்லிப் பார்த்தான். சாவிக்கடை, செருப்புக்கடை, அதற்கு முன்னால் ஏதோ ஒன்று.

“அண்ணி, எனக்கு ஏதோ பளிச்சுன்னு இருக்கு.”

“வெயில்.”

“இல்ல, உள்ளுக்குள்ள.”

“அப்ப இதுக்குப் பதில் சொல்லு. பாதி நாள் மாவுதான்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அப்படி இருந்தும் ஒருத்தர் சோதனைக்கு ஆளை வரவழைச்சிருக்கார். அன்னைக்கு மாவு நாளா இருந்திருந்தா?”

“ஒண்ணும் அகப்பட்டிருக்காது. அவருக்குத்தான் மூக்கு உடைஞ்சிருக்கும்.”

“காசு சுண்டிப் போட்டு மூக்கைப் பணயம் வெக்கற ஆளா அவர்?”

ரேடியோ அதை யோசித்தபடியே கொஞ்ச தூரம் நடந்தான். யோசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது மருந்தா, அண்ணியின் கேள்வியா என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தகராறுள்ள லிஃப்ட் எந்தக் கட்டடத்தில் இருக்கிறதோ அங்கேயே விசாரணை நடத்துவது அந்தத் துறையின் வழக்கம். குடியிருப்பின் மேல்தளத்தில் இருந்த சங்கக் கூடத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். கீழே லிஃப்ட் கதவு திறந்தது. ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே பளபளவென்று கண்ணாடி. ரேடியோ காலை எடுத்து வைத்தான். அண்ணியின் கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது.

“படியில போலாம்.”

“மேல்தளம் வரைக்குமா?”

“நம்மகிட்ட வந்தவங்க இது ஆபத்துன்னு சொல்றாங்க. நான் நம்பறேன்.”

பாதி உயரம் ஏறுவதற்குள் ரேடியோவுக்கு நாக்கு தள்ளியது. அடுத்த திருப்பத்தில் அவனைவிட மோசமாக ஒருவர் கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நல்ல சட்டை, வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர்களைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தார். லிஃப்ட் அம்மா சொல்லியிருந்த அந்தச் சிரிப்பை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. லிஃப்ட் அம்மாவுக்கு எதிர் மேசை, அவருக்குப் பிறகு வந்து லிஃப்டை நல்ல லிஃப்ட் என்று சொன்ன ஆய்வாளர். ஆபீஸில் அவருக்குச் சிரிப்பு என்றுதான் பெயராம்.

“சார், லிஃப்ட் ஓடுதே,” என்றான் ரேடியோ.

“நடக்கறது உடம்புக்கு நல்லது, தம்பி. டாக்டர் சொல்லியிருக்கார்.”

“மனுஷ டாக்டரா, லிஃப்ட் டாக்டரா?”

சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்துவிட்டு வேகமாக ஏறினார். மேல்தளத்துக்கு வந்ததும் அண்ணி கைப்பையிலிருந்து மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து ரேடியோவிடம் கொடுத்துக் கழிவறைப் பக்கம் கையைக் காட்டினார்.

“இதுலயா?”

“அதுலதான்.”

“அண்ணி, நம்ம குடும்ப மானம்...”

“அதை அப்புறம் கழுவிக்கலாம். போ.”

கூடத்தில் நீள மேசை. தலைப்பில் தலைமைப் பொறியாளர், வெள்ளை மீசையை நீவியபடி. அவர் லிஃப்டில்தான் வந்திருந்தார். பக்கத்தில் சோதனைக்கூடத்துப் பெண். அவள் முன்னால் ஒரு சிறிய குளிர்ப்பெட்டி. அன்று எடுத்த சிறுநீரில் பாதியைச் சோதித்துவிட்டு மீதியை முத்திரை வைத்துப் பாதுகாப்பது விதியாம், அது அதற்குள் இருந்தது. அன்றே ஆபீஸில் பறிமுதல் செய்த கேப்ஸ்யூல் பெட்டியும் முத்திரையோடு மேசைமேல் இருந்தது. சுவரோரம் சிரிப்பு. எதிரே லிஃப்ட் அம்மா, முதுகு வளையாமல். பேக்கரிக்காரர் தகர டப்பாவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

“அம்மா, நான் உங்களுக்கு எதிரி இல்ல,” என்றார் தலைமைப் பொறியாளர். “அந்த டப்பாவைத் திறங்க. வெள்ளை மணின்னா நீங்க சொல்றதைக் கேக்கறேன்.”

“முடியாது சார்.”

“உரிமம் போயிடும்.”

“போகட்டும். ரோப்பும் போயிடும். எது முன்னாடி போகுதுன்னு நீங்க மேல வந்த அதே லிஃப்ட்ல கீழ போய்ப் பாருங்க.”

தலைமைப் பொறியாளர் மீசையை நீவுவதை நிறுத்தினார். அண்ணி எழுந்து ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்.

“டப்பாவைத் திறக்கவேண்டாம் சார்,” என்றார். “மணி என்ன நிறம்னு யாருக்கும் தெரியவேண்டாம். அந்தப் பெட்டியில இருந்து ஒரே ஒரு கேப்ஸ்யூல், எதுன்னு நீங்களே எடுங்க. ஒண்ணு போனா பரவாயில்லையாம்மா?”

லிஃப்ட் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். முத்திரையைப் பிரித்து, தலைமைப் பொறியாளர் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தார். அண்ணி அதை ஒரு காகிதத்தில் உடைத்துக் கொட்டி, ஊதா விளக்கைக் காட்டினார். தூள் மஞ்சள் பச்சையாக எரிந்தது.

“மருந்தோ மாவோ, இந்தப் பெட்டியில எல்லாத்துலயும் மஞ்சள் வைட்டமின் கலந்திருக்கு. அதை முழுங்கினா உடம்பு கொஞ்சத்தை எடுத்துக்கிட்டு மிச்சத்தை வெளியே அனுப்பிடும். தம்பி.”

ரேடியோ குப்பியை மேசைமேல் வைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை. விளக்குப் பட்டதும் குப்பி விழாப் பந்தல் மாதிரி ஜொலித்தது.

“இது இவன் இன்னைக்குக் காலையில ஒரு கேப்ஸ்யூல் முழுங்கினதுக்கு அத்தாட்சி. இப்ப அந்த அம்மாவோடதை எடுங்க.”

சோதனைக்கூடத்துப் பெண் முத்திரை வைத்த குப்பியை வெளியே எடுத்தாள். அண்ணி விளக்கைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனார், சுற்றிக் காட்டினார். குப்பி குழாய்த் தண்ணீர் போலச் செத்துக் கிடந்தது.

“அன்னைக்கு இவங்க இந்தப் பெட்டியில இருந்து எதையும் முழுங்கல,” என்றார் அண்ணி. “கறுப்பு மணி கேப்ஸ்யூலும் இல்ல, வெள்ளை மணியும் இல்ல. முழுங்கினது வேற ஒண்ணு. அதுல மருந்து இருந்துது, மஞ்சள் இல்ல.”

லிஃப்ட் அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “அன்னைக்கு நிறம் வெளுப்பாத்தான் இருந்துது. பார்த்தேன். கோபத்துல தண்ணியாக் குடிச்சேனே, அதனாலன்னு நினைச்சுக்கிட்டேன்.” அவர் குரல் தனக்குத்தானே பேசுவது போல இறங்கியது. “கண்ணால பார்த்ததுக்குச் சாக்குச் சொல்லியிருக்கேன். நானெல்லாம் என்ன சோதனை பண்றேன்.”

“அவங்களே வேற மாத்திரை தனியாப் போட்டிருக்கலாமே?” என்றார் சிரிப்பு, சிரித்துக்கொண்டே.

“போட்டிருந்தா இதையும் அதையும் சேர்த்தில்ல முழுங்கியிருப்பாங்க? எல்லார் எதிர்லயும் தினமும் காலையில ஒரு கேப்ஸ்யூலை எடுத்து மேசையில தண்ணி டம்ளர் பக்கத்துல வெப்பாங்க. டீ குடிச்சுட்டு முழுங்குவாங்க. அன்னைக்கும் முழுங்கினதைப் பார்த்தேன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க. டீ குடிக்கிற நேரத்துல யாரோ அதை எடுத்துட்டு வேறதை வெச்சிருக்காங்க.” அண்ணி தலைமைப் பொறியாளர் பக்கம் திரும்பினார். “சார், சோதனைக்கு ஆளை வரச் சொன்னது யாரு? எப்ப?”

“இவர்தான். அம்மா கை நடுங்குது, வாய் குழறுதுன்னு என்கிட்ட சொன்னார். நானும் சரின்னு...” அவர் நிறுத்திவிட்டார். மீசையை நீவிய கை அந்தரத்தில் நின்றது. சோதனைக்கூடத்துப் பெண்ணைப் பார்த்தார். “நீங்க அன்னைக்குக் காலையில வந்தப்ப ஏற்கெனவே சொல்லி வெச்சதா இல்ல சொன்னீங்க?”

“முந்தின நாள் சாயந்திரமே போன் பண்ணிட்டார் சார். காலையில டீ நேரம் முடிஞ்சதும் வாங்கன்னு.”

“மறுநாள் காலையில நடுங்கப்போற கை முந்தின நாள் சாயந்திரமே தெரிஞ்சிருக்கு,” என்றான் ரேடியோ. அவனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. “சாருக்கு இந்த மருந்தெல்லாம் தேவையே இல்ல.”

சிரிப்பு இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் போல.

“ஒரே கேள்வி சார்,” என்றார் அண்ணி அவரிடம். “நீங்களே நல்ல லிஃப்டுன்னு சொன்னீங்க. இன்னைக்கு மேல எப்படி வந்தீங்க?”

அண்ணி காத்திருந்தார். ரேடியோவுக்கு அந்த மௌனம் தெரியும். அதற்குள் நிற்கிறவனுக்குத் தரை கொஞ்சம் கொஞ்சமாக விலகும். திரைக்குப் பின்னால் எங்கோ லிஃப்ட் மோட்டார் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

“இத்தனை வருஷமும் கீழயே நின்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டேன் சார்,” என்றார் சிரிப்பு கடைசியில். முகத்தில் சிரிப்பு இல்லாதபோது அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். “மேல மெஷின் ரூமுக்கு ஏறினதே இல்ல. இவங்க அறிக்கை வந்தா, போன வருஷம் நீ என்ன பார்த்தேன்னு கேட்பாங்க. அப்புறந்தான் ஏறிப் பார்த்தேன். பார்த்ததுக்கு அப்புறம் என்னால அதுல கால் வெக்க முடியல.”

“குழந்தை வண்டி போகுது அதுல,” என்றார் லிஃப்ட் அம்மா.

சிரிப்பு தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க என் கேப்ஸ்யூல்?”

“குப்பையில போட்டுட்டேன்.”

“அந்த நாள் கணக்கே வீண்.” லிஃப்ட் அம்மாவுக்கு உரிமம் போகவிருந்ததைவிட இதில்தான் எரிச்சல் அதிகம் என்று தோன்றியது.

அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தலைமைப் பொறியாளர் முன்னால் வைத்தார். “இப்பவும் என் பேச்சைக் கேட்டு எதையும் முடிவு பண்ணாதீங்க சார். மெஷின் ரூம் இதுக்கு மேலதான். லிஃப்டை நிறுத்திட்டு, இந்தத் துணியை ரோப்பைச் சுத்திப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. கம்பி அறுந்திருந்தா துணி மாட்டும். துணி மாத்திரை போடாது.”

தலைமைப் பொறியாளர் தானே போனார். அவர் திரும்பி வந்தபோது கையில் துணி இல்லை, துணியின் நார்கள் இருந்தன. அவற்றை மேசைமேல் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

“உங்க அறிக்கைதான் நிக்கும். உரிமமும்,” என்றார். “ஆனா ஒண்ணும்மா. இனிமே வேலை நாள்ல அந்த மாத்திரை வேண்டாமே. எனக்காகக் கேக்கறேன். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க.”

லிஃப்ட் அம்மா எழுந்தார். மேசைமேல் பிரிந்து கிடந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். “இது இப்ப என்னுதுதானே?” வரிசையில் அடுத்த அறையிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்தார். தலைமைப் பொறியாளரின் தண்ணீர்க் குவளையை எடுத்து, அவர் கண்ணைப் பார்த்தபடியே முழுங்கினார்.

“இந்த மேசையில டீ இருக்கு, காபி இருக்கு, உங்க பையில சிகரெட் இருக்கு. யாரையாவது டப்பாவைத் திறன்னு கேட்டாங்களா? கை நடுங்கினா வேலையை விட்டு எடுங்க சார், தடுக்கமாட்டேன். நடுங்காத கையைப் பிடிச்சு எதுக்குச் சோதிக்கறீங்க? என் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நான்தான் பார்க்கணும். நான் பார்ப்பேன்.”

தலைமைப் பொறியாளர் காலிக் குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் படியில் இறங்கினார்கள். முன்னால் சிரிப்பு, தனியாக. பேக்கரிக்காரர் டப்பா குலுங்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். ரேடியோ அண்ணியோடு ஒட்டிக்கொண்டான்.

“அண்ணி, நான் முழுங்கினது மாவா, மருந்தா?”

“மாவு.”

“விளக்குல அதுகூடவா தெரிஞ்சுது?”

“நாள் முழுக்க உன் கூடத்தானே இருந்தேன்.”

கீழே லிஃப்ட் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். லிஃப்ட் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தன் சாவியால் கதவைப் பூட்டி, குறுக்கே ஒரு சங்கிலியைப் போட்டார். இரண்டு கையிலும் பை வைத்திருந்த பெரியவர் ஒருவர் அவர்மேல் பாய்ந்தார்.

“நீங்கதானே போன வாரமும் வந்து நிறுத்தச் சொன்னது? மாத்திரை போட்டுக்கிட்டு வர்ற அம்மா நீங்கதானே? இந்த வயசுல நான் மேல்மாடி வரைக்கும் ஏறணுமா?”

“நான்தான்,” என்றார் லிஃப்ட் அம்மா. அவர் கையிலிருந்து கனமான பையை வாங்கிப் படியின் பக்கம் நடந்தார். “ஏறுங்க. மேல போனதும் உட்கார்ந்து ஆற அமர என்னைத் திட்டுங்க. திட்டறதுக்கு நீங்க இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.”